பேரவைத் தேர்தல் விதிகள் யாரைக் கட்டுப்படுத்துகின்றன?

2023 நவம்பர் மாதம் திருச்சூர் ஸ்ரீ கேரள வர்மா கல்லூரியில் மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கான ஓட்டுகளை எண்ணினார்கள். காங்கிரஸ் சார்பு மாணவர் அமைப்பான கே.எஸ்.யூ.வின் வேட்பாளருக்கு 896, மார்க்சிஸ்ட் கட்சி சார்பு மாணவர் அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் வேட்பாளருக்கு 895. ஒரே ஓட்டு வித்தியாசம். மறு எண்ணிக்கை கேட்டார்கள். அது இரவு வெகுநேரம் இழுத்தது. கடைசியில் எஸ்.எஃப்.ஐ. வேட்பாளர் 11 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, விதிப்படி திரும்ப எண்ணச் சொன்னது. டிசம்பர் 2ஆம் தேதி மூன்றாவது முறை எண்ணினார்கள். இந்தத் தடவை எஸ்.எஃப்.ஐ. 3 ஓட்டில் ஜெயித்தது.

பெட்டி அதேதான், சீட்டுகளும் அவையேதான். மூன்று முறை எண்ணி மூன்று விடை வந்தது எப்படி? செல்லாத ஓட்டுகள்தான் வழக்கின் மையம். முதலில் எந்தச் சீட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கினார்கள், மறுபடி எண்ணும்போது அவற்றை என்ன செய்தார்கள் என்பதில்தான் சிக்கல் கிளம்பியது. கல்லூரித் தேர்தல்தானே என்று சிலர் இதைத் தள்ளிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறை ஓட்டுப் போட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் இருந்திருப்பார்கள். எண்ணுகிறவர் கையில்தான் முடிவு இருக்கிறது என்ற எண்ணத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போவது சின்ன விஷயம் இல்லை.

மாணவர் தேர்தல் விதிகளைப் பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் ஒரு பெயரில்தான் தொடங்குவார்கள்: லிங்டோ. அந்தக் கதையும் கேரளத்து வழக்கு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. கல்லூரிகளில் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்று கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்களின் அமைப்புக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 டிசம்பரில் நீதிமன்றம் இதை ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ அதன் தலைவரானார். 2002இல் குஜராத்திலும் ஜம்மு காஷ்மீரிலும் சட்டமன்றத் தேர்தலை எந்த நெருக்கடிக்கும் வளையாமல் நடத்தியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 2006 மே மாதம் குழு அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இந்தப் பரிந்துரைகளைப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை மாணவர் தேர்தலுக்கு அடிப்படை விதிப்புத்தகம் அதுதான்.

அதில் என்ன இருக்கிறது? இளங்கலை மாணவர் என்றால் 17 முதல் 22 வயதுக்குள் போட்டியிடலாம். முதுகலைக்கு உச்சவரம்பு 24, 25. ஆய்வு மாணவருக்கு 28. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். குற்ற வழக்கு விசாரணையோ தண்டனையோ, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக் கூடாது. நிர்வாகிப் பதவிக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழுவுக்கு இரண்டு முறை. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த 2 வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அரசியல் கட்சிப் பணம் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியவை மட்டும், அதுவும் ஒதுக்கிய இடங்களில் மட்டும். பிரசாரத்துக்கு ஒலிபெருக்கியும் வண்டியும் விலங்குகளும் கூடாது. வேட்புமனு தாக்கலில் தொடங்கி முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிய வேண்டும்.

இதைப் படிக்கும்போது ஒன்று தெரியும். ஏறக்குறைய எல்லாமே வேட்பாளரைப் பார்த்து விரல் நீட்டுகிறவை. வேட்பாளரின் வயது, மதிப்பெண், பாக்கெட், கையெழுத்து என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்கள். தேர்தல் நடத்துகிறவர் பக்கம் திரும்பினால் புத்தகம் மெலிந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலை யார், எந்தத் தேதிக்குள் தயாரிப்பது, செல்லாத ஓட்டை எப்படி முடிவு செய்வது, மறு எண்ணிக்கை எப்போது அனுமதிக்கப்படும் என்பவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிக்கு விட்டுவிட்டார்கள். கேரள வர்மா கல்லூரியில் சண்டை வெடித்தது சரியாக அந்த இடத்தில்தான்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2006இல் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள், அது இன்றும் 5,000தான். அந்த ஆண்டு பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்குச் செலவு வரம்பு 25 லட்சம் ரூபாய். 2022இல் அதை 95 லட்சமாக ஏற்றிவிட்டார்கள். எம்.பி. வேட்பாளருக்கு விலைவாசி ஏறுகிறது, மாணவருக்கு ஏறவில்லை! ஒரு துறையில் 200 பேர் படிக்கும் சிறிய வளாகத்துக்கு 5,000 போதும். ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் சிதறிக் கிடக்கும் ஒன்றரை லட்சம் வாக்காளரைச் சந்திக்க அதே 5,000 என்றால் யாராலும் முடியாது. முடியாத விதியை எழுதினால் எல்லோரும் மீறுவார்கள். எல்லோரும் மீறுகிற விதியை வைத்து வேண்டாதவரை மட்டும் பிடிக்கலாம்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் நடப்பது இதுதான். அருண் ஜேட்லி 1974இல் தலைவராக இருந்த பேரவை அது. தேசியக் கட்சிகள் அந்தத் தேர்தலைத் தங்கள் தேர்தலாகவே பார்க்கின்றன. அச்சுச் சுவரொட்டிக்குத் தடை என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் தேர்தல் சமயத்தில் வடக்கு வளாகச் சாலைகள் காகிதத்தால் மூடிக் கிடக்கும். சுவரொட்டியில் வேட்பாளர் பெயரை வேண்டுமென்றே ஓர் எழுத்து மாற்றி அச்சடிப்பார்கள். புகார் வந்தால், இது என் பெயரே இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா?

2024இல் இதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி வாக்குப்பதிவு. அதற்கு முந்தின நாள் டெல்லி உயர் நீதிமன்றம், ஓட்டுப் போடட்டும், ஆனால் நகரத்தின் சுவர்களையும் பொதுச் சொத்துகளையும் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டது. நீதிபதிகளின் கோபம் நியாயமானதுதான். மெட்ரோ தூண் முதல் கல்லூரி மதில் வரை பாழாக்கியிருந்தார்கள். ஆனால் முடிவு வெளிவந்தது நவம்பர் 25ஆம் தேதி. ஏறக்குறைய 2 மாதம் ஓட்டு இயந்திரங்கள் பூட்டிய அறையில் கிடந்தன. ஓராண்டு மட்டுமே பதவியில் இருக்கப்போகும் பேரவைக்கு அது பெரிய இழப்பு. சுவரொட்டி ஒட்டியவர் வேட்பாளர். காத்திருந்தவர் ஓட்டுப் போட்ட மாணவர். சுவர் அசிங்கமாவதைத் தடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆகஸ்டிலிருந்தே அதிகாரம் இருந்தது. அதைப் பயன்படுத்தாத அலுவலர்மேல் எந்த விதியும் பாயவில்லை. அடுத்த ஆண்டு, 2025இல், வேட்பாளர்கள் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும் என்று அறிவித்தார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிற தேர்தலில் ஒரு லட்சத்துக்குப் பிணை! கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன் எத்தனை முறை யோசிக்கும்?

அந்த 2024 தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 35 சதவீதம். அதே ஆண்டு மார்ச் மாதம், அதே நகரத்தில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 73 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஜே.என்.யூ. ஒரே வளாகம், விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் அதிகம், அதனால் ஒப்பீடு முழுக்கச் சரியில்லைதான். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. ஜே.என்.யூ.வில் தேர்தலை மாணவர்களே நடத்துகிறார்கள். போட்டியிடாத மாணவர்களிலிருந்து ஒரு தேர்தல் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மனுக்களை வாங்குவது, பரிசீலிப்பது, வாக்குச்சீட்டு, பெட்டி, எண்ணிக்கை எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. தேர்தலுக்கு முன் ஒவ்வொரு புலத்திலும் பொதுக்குழு கூடும். பதவியில் இருந்தவர்கள் அங்கே வந்து என்ன செய்தோம் என்று அறிக்கை வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தலைவர் வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் நின்று நள்ளிரவு தாண்டியும் விவாதிப்பார்கள். டஃப்லி என்னும் கைப்பறையை அடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். எண்ணிக்கை நடக்கும் இரவும் அப்படித்தான். கட்சிகளின் முகவர்கள் முன்னால் ஒவ்வொரு சுற்றையும் எண்ணி, அவ்வப்போது வெளியே வந்து அறிவிப்பார்கள். தோற்றவர்கள் பெட்டியைக் குறை சொல்லி நீதிமன்றம் போவது அங்கே அபூர்வம்.

சொல்லப்போனால், லிங்டோ குழுவே சிறிய ஒற்றை வளாகப் பல்கலைக்கழகங்களுக்கு ஜே.என்.யூ.வைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது. ஆனால் அந்த விதிகளாலேயே முதலில் அடிபட்டதும் ஜே.என்.யூ.தான். வயது வரம்பு முதலானவற்றைப் பின்பற்றவில்லை என்பதற்காக 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே தேர்தலை நிறுத்தி வைத்தது. 2009இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு வழக்கைக் கேட்டபோது, இப்படி விதி வகுப்பது சட்டமன்றத்தின் வேலையா, நீதிமன்றத்தின் வேலையா என்று கேள்வி எழுப்பி, அரசியல் சாசன அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. தேர்தல் மட்டும் நடக்கவில்லை. ஆய்வு மாணவருக்கு வயது வரம்பை 28இலிருந்து 30ஆகத் தளர்த்திய பிறகு, 2012 மார்ச்சில்தான் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். இடையில் வந்து போன ஒரு தலைமுறை மாணவர்கள் தேர்தலையே பார்க்கவில்லை.

வயது வரம்பு யாரைக் கழித்துவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நகரத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை 21 வயதில் பட்டம் வாங்கிவிடும். வேலைக்குப் போய் வீட்டைத் தூக்கிவிட்டு, தங்கைக்குக் கல்யாணம் முடித்து, 26 வயதில் முதுகலை சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள் பலருக்கு இதுதான் கதை. மக்களவைக்குப் போட்டியிடக் குறைந்தது 25 வயது ஆகியிருக்க வேண்டும். முதுகலை மாணவர் பேரவைக்குப் போட்டியிட 25 தாண்டியிருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் வளாகத்திலேயே தங்கி அரசியல் செய்யும் ஆட்களை அகற்றத்தான் இந்த விதி என்பது புரிகிறது. அதற்கு, ஒருவர் எத்தனை ஆண்டு மாணவராகப் பதிவில் இருக்கிறார் என்று பார்த்திருந்தாலே போதும்.

ஒழுங்கு நடவடிக்கை பற்றிய விதி இன்னும் கூர்மையானது. ஒருவர்மேல் நடவடிக்கை எடுப்பது நிர்வாகம். நடவடிக்கை இருந்தால் மனு தள்ளுபடி. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று உட்கார்ந்து போராடியவருக்கு ஒரு அபராத ஆணை கொடுத்துவிட்டால், அடுத்த தேர்தலில் அவர் இல்லை. கேள்வி கேட்கிறவர்தானே பேரவைக்குப் போட்டியிட வருவார்? எதிர்த்துக் கேட்டவரை வடிகட்டும் சல்லடையை எதிர்க்கப்பட்டவர் கையிலேயே கொடுத்தது இந்த விதிப்புத்தகத்தின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். அடிதடி, ராகிங், பாலியல் தொல்லை என்று குற்றங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கலாம்.

நேரம் என்பதும் ஒரு விதிதான். 2024 மார்ச் ஜே.என்.யூ. தேர்தலில் பொதுச் செயலாளர் பதவிக்கு நின்ற இடதுசாரி வேட்பாளரின் மனுவை, எதிர்த்தரப்பு கொடுத்த புகாரின்மேல், வாக்குப்பதிவுக்குச் சில மணி நேரம் முன்னால் ரத்து செய்தார்கள். பிரசாரம் எல்லாம் முடிந்த பிறகு! இடதுசாரிகள் கடைசி நேரத்தில் பாப்சா (பிர்சா அம்பேத்கர் புலே மாணவர் சங்கம்) அமைப்பின் வேட்பாளரை ஆதரித்தார்கள், அவர் ஜெயித்தார். புகார் சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. தகுதி பற்றிய புகார்களைப் பரிசீலனை நாளிலேயே முடித்து, இறுதிப் பட்டியல் ஒட்டிய பிறகு அதைத் தொடக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. சட்டமன்றத் தேர்தலில் அப்படித்தான் செய்கிறார்கள்: பட்டியல் வெளியான பிறகு தகுதிச் சண்டை என்றால், தேர்தல் முடிந்து வழக்குப் போட வேண்டியதுதான்.

லிங்டோ விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர் குழு உண்டு. மாணவர் நலப் பொறுப்பில் இருக்கும் டீனோ ஆசிரியரோ தலைவர். ஒரு மூத்த ஆசிரியர், ஒரு மூத்த நிர்வாக அலுவலர், இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவர், ஒரு மாணவி உறுப்பினர்கள். ஐவரில் மூவர் நிர்வாகத்தின் ஆட்கள். மேல்முறையீடு நிறுவனத் தலைவரிடம். நிர்வாகத்தைப் பற்றியே புகார் என்றால் எங்கே போவது? திருச்சூர் மாணவர் போலத்தான், உயர் நீதிமன்றத்துக்கு. எத்தனை மாணவர்களுக்கு அது முடியும்?

பல கல்லூரிகள் இணைந்த பெரிய பல்கலைக்கழகங்களுக்குக் குழு வேறொரு வழி சொன்னது. கல்லூரி அளவில் நேரடித் தேர்தல். அங்கே ஜெயித்தவர்கள் கூடிப் பல்கலைக்கழகப் பேரவையைத் தேர்ந்தெடுப்பது. கேரளத்தில் ஏற்கெனவே இதுதான் வழக்கம். கல்லூரியில் சேர்மன், பொதுச் செயலாளர், கலைமன்றச் செயலாளர், ஆண்டு மலருக்கு ஆசிரியர், இவர்களோடு 'யு.யு.சி.' என்று சொல்லும் பல்கலைக்கழக கவுன்சிலர். இந்தக் கவுன்சிலர்கள்தான் பல்கலைக்கழகப் பேரவைக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்.

இந்த முறையின் மிக மெல்லிய கண்ணி எது என்பதை 2023 மே மாதம் காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரியில் எல்லோரும் பார்த்தார்கள். கவுன்சிலர் பதவிக்கு மாணவி ஒருவர் ஜெயித்திருந்தார். கல்லூரியிலிருந்து கேரளப் பல்கலைக்கழகத்துக்குப் போன பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தத் தேர்தலில் நிற்கவே நிற்காத ஒரு மாணவர் தலைவரின் பெயர் இருந்தது. ஓட்டுப் பதிவில் தவறு இல்லை, எண்ணிக்கையிலும் தவறு இல்லை. ஒரு கடிதம் மாறியது, அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்து, பொறுப்பு முதல்வர் நீக்கப்பட்டு, போலீஸ் வழக்குப் பதிந்து, மே 26ஆம் தேதி நடக்கவிருந்த பல்கலைக்கழகப் பேரவைத் தேர்தலையே தள்ளிவைத்தார்கள்.

அச்சுச் சுவரொட்டி ஒட்டினால் தகுதி நீக்கம் என்று வரி வரியாக எழுதிய புத்தகத்தில், ஜெயித்தவரின் பெயரை மாற்றி அனுப்பினால் என்ன என்பதற்கு ஒரு வரி கிடையாது. அப்படி நடக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இதைத் தடுக்கப் பெரிய செலவும் வேண்டாம். முடிவு அறிவித்த அன்றே, எல்லா வேட்பாளர்களின் கையெழுத்தோடும் முடிவுப் படிவத்தைக் கல்லூரி வாசலில் ஒட்டி, அதே படிவத்தின் நகலை அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் போதும்.

எண்ணிக்கைக்கும் அப்படித்தான். கொடுத்த சீட்டுகள் எத்தனை, பெட்டியிலிருந்து எடுத்தவை எத்தனை, செல்லுபவை, நோட்டா, செல்லாதவை எத்தனை என்று ஒரே தாளில் எழுதிக் கூட்டினால் கணக்கு நேராக வர வேண்டும். வராவிட்டால் அறிவிக்கக் கூடாது. செல்லாத ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் காரணத்தை எழுதி, அலுவலர் கையெழுத்துப் போட்டுத் தனிக் கட்டாகக் கட்ட வேண்டும். மறு எண்ணிக்கை என்றால் அந்தக் கட்டையும் அதே அளவுகோலில் பார்க்க வேண்டும். முத்திரை இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோட்டில் விழுந்தால் என்ன செய்வது என்பதைத் தேர்தலுக்கு முந்தைய நாளே எல்லா முகவர்களிடமும் சீட்டைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். எண்ணத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி வந்தால், சீட்டு யாருடையது என்று பார்த்துத்தான் ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள்.

சரி, இவை எல்லாம் தேர்தல் நடக்கிற இடங்களின் பிரச்சினைகள். லிங்டோ புத்தகத்தில் அடிக்கடி மீறப்படும் விதி எது என்று என்னைக் கேட்டால், அச்சுச் சுவரொட்டி என்று சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் தேர்தல் நடத்த வேண்டும், கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் நடத்த வேண்டும் என்ற விதிதான். அதை மீறுகிறவர்கள் மாணவர்கள் இல்லை.

கணக்குப் பாருங்கள். கர்நாடகத்தில் 1980களின் கடைசியிலிருந்து பேரவைத் தேர்தல் இல்லை. மேற்கு வங்கத்தில் 2017இல் பேரவைகளுக்குப் பதில் கவுன்சில் என்ற புது விதி வந்தது. அதன் பிறகு ஓரிரு பல்கலைக்கழகங்கள் தவிர மற்ற இடங்களில் தேர்தல் நின்றுபோனது. அலகாபாத் பல்கலைக்கழகத்தில், வி.பி. சிங் ஒரு காலத்தில் துணைத் தலைவராக இருந்த பேரவையை 2019இல் கலைத்துவிட்டார்கள். ராஜஸ்தானில் 2023இல் அரசே தேர்தலை நிறுத்தியது. ஜே.என்.யூ.விலும் 2019 செப்டம்பருக்குப் பிறகு 2024 மார்ச் வரை தேர்தல் இல்லை. 2019இல் ஜெயித்த பேரவையை நிர்வாகம் முறைப்படி அறிவிக்கை செய்யவும் இல்லை. கொரோனாவில் இரண்டு ஆண்டு போனது உண்மை. மீதி ஆண்டுகளுக்கு என்ன காரணம்? வேட்பாளர் கணக்குத் தர 2 வாரம் தாண்டினால் பதவி போகும். துணைவேந்தர் தேர்தலை 4 ஆண்டு தாண்டினாலும் அவருக்கு எதுவும் போகாது.

தமிழ்நாட்டு நிலைமை நமக்குத் தெரிந்ததுதான். 1965 மொழிப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், இரண்டே ஆண்டில் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். மாணவர்களால் ஆட்சியே மாறிய மாநிலத்தில், இன்று பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இல்லை. விதிவிலக்குகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர் அமைப்புக்கென்று தனி விதித்தொகுப்பும், ஆண்டுதோறும் தேர்தலும், நிர்வாகிகளைக் கேள்வி கேட்க ஒரு மாணவர் மன்றமும் உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் விடுதித் தேர்தல்கள் பெயர் பெற்றவை. மற்ற இடங்களில் துறைத் தலைவர் பெயர் கொடுப்பார், முதல்வர் கையெழுத்துப் போடுவார்.

நான் படித்த கல்லூரியில் சேர்மன் யார் என்பதை நோட்டீஸ் போர்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நல்ல மாணவர், நன்றாகப் படிப்பார், எங்களுக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நூலகத்தை மாலை 4 மணிக்கே மூடுகிறார்களே, கொஞ்சம் கேளுங்கள் என்று அவரிடம் போனபோது, "ஹெச்.ஓ.டி. என்ன நினைப்பாரோ" என்றார். அவரைப் பதவியில் வைத்தவர் ஹெச்.ஓ.டி.தான். அவர் வேறு யாரை நினைத்துப் பயப்பட முடியும்?

தேர்தல் வைத்தால் சாதிச் சண்டை வரும், கட்சிக்காரர்கள் உள்ளே வருவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வளாக அடிதடியில் பிள்ளைகளை இழந்த வீடுகள் உண்டு. ஆனால் தேர்தல் இல்லாத இடங்களில் தலைவர்கள் இல்லாமல் போய்விட்டார்களா? சென்னையில் பேருந்து வழித்தடத்துக்கு ஒருவர் என்று 'ரூட்டு தல' வந்தது எப்படி? அவருக்கு மனுத் தாக்கல் இல்லை, 75 சதவீத வருகைப் பதிவு தேவையில்லை, ஓராண்டில் பதவிக்காலம் முடிவதும் இல்லை. பட்டாக்கத்தியோடு பிடிபட்ட பையன்களின் படம் செய்தித்தாளில் வரும்போதெல்லாம், இவர்களில் நாலு பேருக்காவது ஓட்டுக் கேட்டு வகுப்பு வகுப்பாகப் போகிற வாய்ப்பு இருந்திருந்தால் என்று தோன்றும். எதிர்க் கோஷ்டிப் பையனிடமும் போய்த்தானே ஓட்டுக் கேட்க வேண்டும்?

பயத்துக்கும் லிங்டோ குழு இடம் கொடுத்திருந்தது. அமைதியாகத் தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத வளாகங்களில் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிக்கக் கூடாது. 5 ஆண்டுக்குள் நேரடியாகவோ மறைமுகமாகவோ தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும். இந்த 5 ஆண்டு 2011இல் முடிந்தது. நியமனத்துக்குக் காரணமாக லிங்டோ விதிகளையே சுட்டிக்காட்டும் கல்லூரிகள், அதே பகுதியில் இருக்கும் அந்தக் கெடுவைச் சொல்வதில்லை.

ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்ததும் கையேடு ஒன்று கொடுப்பார்கள். மாணவர் பேரவை என்ற பக்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தேர்தலா நியமனமா, எந்தத் தேதி, புகார் யாரிடம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், 2006 உத்தரவின்படி தேர்தல் நடத்த என்ன செய்திருக்கிறீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம். 10 ரூபாய்தான் ஆகும், 30 நாளில் பதில் வர வேண்டும். தேர்தலுக்கான 8 வாரம் முடிவதற்குள் பதில் கைக்கு வந்துவிடும்.